கரைய மறுத்த நாகம்

ஆடுமாடுகள் இவ்வளவு ஆசையோடு வரவேற்ற கலைஞர் ஒருவரை என் வாழ்நாளில் வேறெங்கும் நான் கண்டதில்லை. மற்றக் கலைஞர்களின் படைப்புகளை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். துருசரின் படைப்புகளை ஆடுகள் வந்து தின்றுவிட்டுப் போகும். தின்று முடிந்ததும் அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியும் எழும்பிக் கைகழுவப் போன பிறகு பெண்ணின் தகப்பனுக்கு வருகிற திருப்தி அது.

துருசர் என்பது பெயரல்ல, உத்தியோகம். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற மதகை வன்னியில் துருசு என்பார்கள். அதைத் திறப்பதும் பூட்டுவதும் அவருடைய வேலை. அரசாங்கம் அவரை என்ன பெயரால் அறிந்திருந்தது என்பது சம்பளப் பத்திரத்துக்குத்தான் தெரியும். அவருடைய மனைவி பூரணமக்காகூட அவரைத் துருசர் என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் "இந்த மனிசன்" என்பார். பெரும்பாலும் இந்த மனிசன்தான்.

குளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சொன்னால் இந்தக் கதையில் வருகிற, கிராமத் தலைவரான விதானையாரின் உறவினர் எவராவது பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். பரம்பரையாகக் கடிதம் எழுதுகிற குடும்பம் அது.

ஐம்பதுகளில், மருத்துவிச்சிப் பயிற்சி முடித்த சூட்டோடு, என்னை யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே அனுப்பினார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு அறை உள்ள ஓர் அரசாங்க வீடு தந்தார்கள். பின் அறையில் நான், முன் அறையில் பிரசவக் கட்டில். ஊரில் எல்லாரும் என்னை "மிஸ்ஸி" என்று கூப்பிட்டார்கள். என்னை விட இரண்டு மடங்கு வயதானவர்கள் "ஓம் மிஸ்ஸி" என்று கைகட்டி நிற்கும்போது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

முதல் வாரத்திலேயே அந்த நம்பிக்கைக்குத் துருசர் ஒரு சோதனை வைத்தார். குளத்துக்கு அக்கரையில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குளக்கட்டு வழியே மிதித்தேன். நடுக்கட்டில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு மயில் கிடந்தது. உயிருள்ள மயிலல்ல. பழுத்த பாலையிலை, பச்சை வேப்பிலை, கொன்றைப் பூ, கொக்கு இறகு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் மண்ணில் பரப்பிச் செய்த மயில். ஒரு மாட்டுவண்டி நீளம் இருக்கும். தோகையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு விளாம்பழ ஓடு. கழுத்தடியில் வெறும் மேலோடு ஒருவர் குந்தியிருந்து, இலையை இலையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, அங்காலை இறங்கிப் போங்கோ," என்றார் தலை நிமிராமல்.

"கட்டு செங்குத்தாய்க் கிடக்கு. சைக்கிளோடை எப்பிடி இறங்கிறது? அங்கை ஒரு பிள்ளை பிறக்கப் போகுது."

"இஞ்சையும் பிறந்துகொண்டுதான் இருக்கு. கழுத்து மட்டும் வந்திட்டுது."

"கழுத்து வந்திட்டால் மிச்சம் கெதியாய் வந்திடும்," என்று சொல்லிவிட்டுத் தோகையின் நடுவாலே சைக்கிளை விட்டேன்.

பின்னால் திட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. பொழுது சாயத் திரும்பி வரும்போது எனக்குள் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. அதே கட்டு வழியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். என் சக்கரம் தோகையைப் பிளந்துகொண்டு போன இடத்தில் இப்போது ஒரு பாம்பு நெளிந்துகொண்டிருந்தது. ரயர் அச்சு அப்படியே அதன் செதிலாகிவிட்டது. தலைக்கு ஒரு மாங்கொட்டையும் கண்ணுக்கு இரண்டு குண்டுமணியும் வைத்திருந்தார்.

"பாம்பு ஒண்டு குறைஞ்சுதான் கிடந்தது. எனக்கு விளங்கேல்லை. நீங்கள் வந்து விளங்கப்படுத்திப்போட்டீங்கள்," என்றார். பிறகு, "பிள்ளை என்ன?" என்று கேட்டார்.

"பொடியன்."

"சந்தோசம். உதை ஆடு தின்ன வரேக்கை சொல்லி அனுப்புறன். வந்து பாருங்கோ, வடிவாய் இருக்கும்."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

துருசைத் திறந்து பூட்டுகிற வேலைக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் தேவையோ அதைத் துருசர் அரசாங்கத்துக்கு ஒழுங்காகக் கொடுத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தண்ணீர் விஷயத்தில் அவர் கணக்கு ஒரு விரற்கடையும் பிசகாது. மிச்ச நேரமெல்லாம் குளக்கட்டிலும் வாய்க்கால் வரம்பிலும் வண்டிப் பாதையிலும் குந்தியிருப்பார். ஒருநாள் சேற்றாலும் மரப்பட்டையாலும் ஒரு முதலை செய்து பாதையின் குறுக்கே போட்டார். வவுனியாவிலிருந்து மாட்டுவண்டியில் புடவை கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் உண்டு, நானா என்று கூப்பிடுவோம். அவருடைய மாடுகள் முதலையைக் கண்டதும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டன.

"துருசர், உங்கடை முதலையைக் கொஞ்சம் ஒதுக்கிப் போடுங்கோ," என்றார் நானா.

"ஒதுக்கினால் செத்துப்போகும் நானா. பின்னேரம் வெயிலுக்கு அதுவாய் வெடிச்சு உதிரும். பொறுங்கோ."

நானா பொறுத்தார். வேறு வழியில்லை. முதலையைப் பார்க்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் வண்டியையும் பார்த்தார்கள். பின்னேரம் முதலை உதிர்ந்தபோது வண்டியில் புடவை இல்லை. அடுத்த முறை வந்தபோது நானா முதல் வேலையாகத் துருசரைத் தேடிப் போய், "இந்தக் கிழமை எங்கை போடுறதாய் யோசினை?" என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். செய்தது போய்விட வேண்டும். காற்று கொண்டு போகலாம், மழை கொண்டு போகலாம், எருமை மிதிக்கலாம். ஆனால் இருக்கக் கூடாது. ஒருமுறை பூரணமக்கா காயப் போட்டிருந்த செத்தல் மிளகாயை அள்ளிப் போய்ச் சேவல் ஒன்றுக்குக் கொண்டை வைத்துவிட்டார். ஆடு வந்தது, மணந்தது, தும்மியது, போய்விட்டது. மாடும் கிட்டப் போகவில்லை. நாலு நாளாகச் சேவல் அப்படியே கிடந்தது. துருசர் சாப்பாடு குறைந்து, முகம் வாடி, என்னிடம் மருந்து கேட்பவர் போல வந்து நின்றார்.

"என்ன துருசர், சுகமில்லையோ?"

"சேவல் போகுதில்லை மிஸ்ஸி."

ஐந்தாம் நாள் பூரணமக்கா சுளகோடு போய்க் கொண்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, இடித்துத் தூளாக்கிக் குழம்பு வைத்தார். "இவரின்ரை படம் ஒண்டு எங்கடை வயித்துக்குள்ளை போனது இதுதான் முதல் தரம்," என்று என்னிடம் சொன்னார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். இவ்வளவு வடிவாகச் செய்கிறீர்கள், கொஞ்சம் நிலைக்கும்படி செய்தால் என்ன என்றேன்.

"பூரணம் சோறு சமைக்கிறா. தின்னிறம், முடியுது. அடுத்த நாளும் சமைக்கிறா. ஏன் போன கிழமைச் சோத்தை வைச்சிருக்கேல்லை எண்டு ஆரும் கேக்கிறவையோ?"

குசினிக்குள்ளிருந்து பூரணமக்காவின் குரல் வந்தது. "உங்கடை விசர்க் கதைக்குள்ளை என்ரை சோத்தை இழுக்காதேங்கோ."

இப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திராது. நான் போன அடுத்த வருடக் கோடைதான் எல்லாவற்றையும் குழப்பியது. குளம் அடிவரை வற்றி, களிமண் வெடித்து, ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடந்தது. துருசருக்குக் கை சும்மா இருக்குமா. குளத்துக்குள்ளே ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் அடியில் அந்தக் களிமண் ஓடுகளை அடுக்கி, படமெடுத்த ஐந்துதலை நாகம் ஒன்று செய்தார். ஓர் ஆள் உயரம். ஒவ்வொரு ஓடும் ஒரு செதில். நான் பார்க்கப் போனபோது, அது களிமண் என்று தெரிந்தும் இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

அடுத்த நாள், காணாமல் போன பசுவைத் தேடிக்கொண்டு ஒரு பெண் அந்த வழியாகப் போனார். நாகத்தைக் கண்டு பயந்து கையெடுத்துக் கும்பிட்டார். நிமிர்ந்து பார்த்தால் மருதமரத்துக்கு அங்காலே பசு நிற்கிறது. அவ்வளவுதான். மத்தியானம் கற்பூரம் கொளுத்தினார்கள். வெள்ளிக்கிழமை பொங்கினார்கள். அடுத்த வெள்ளிக்கு உடையார்கட்டு என்கிற தூரத்து ஊரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். குளத்துக்குள்ளே நாகதம்பிரான் எழுந்தருளிவிட்டார் என்று வன்னி முழுக்கக் கதை பரவிவிட்டது.

துருசர் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "அது களிமண், நான்தான் செய்தனான்," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

"எல்லாச் சாமியையும் ஆரோ ஒருத்தர் செய்ததுதானே," என்றார் பசுவின் சொந்தக்காரி. "உங்கடை கையாலை செய்விக்க வேணும் எண்டு தம்பிரான் நினைச்சிருக்கிறார். குடுத்து வைச்ச கை."

இந்த இடத்தில்தான் விதானையார் வருகிறார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஊரில் எது நடந்தாலும் அதற்குத் தான் தலைவராக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் அவர்தான் தலைவர், செத்த வீட்டுக்கும் அவர்தான். பிணமாகப் படுப்பது ஒன்றைத்தான் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஒரு கோயில் முளைத்தால் சும்மா இருப்பாரா. வெயிலுக்கும் தூறலுக்கும் கிடுகால் ஒரு கொட்டில் போடுவித்தார். ஆடு வராமல் முள்வேலி அடைப்பித்தார். துருசரின் படைப்புக்கு உலகத்தில் இருந்த எதிரிகள் எல்லாரையும் ஒரே நாளில் வெளியே நிறுத்திவிட்டார்.

துருசருக்கு நித்திரை போய்விட்டது. ஒருநாள் யாரும் பாராத நேரம் என்று நினைத்து, வாளி நிறையத் தண்ணீர் கொண்டுபோய் நாகத்தின் தலையில் ஊற்றினார். மரத்துக்குப் பின்னால் விளக்குத் திரி திரித்துக்கொண்டு நாலு பெண்கள் இருந்ததை அவர் காணவில்லை. "துருசருக்கும் பக்தி வந்திட்டுது, அபிசேகம் செய்யிறார்," என்று அவர்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். நாகத்தின் செதில்கள் வழியத் தொடங்கியதைக் கண்டு துருசர் மகிழ்ந்து, "இன்னும் ஊத்துங்கோ பிள்ளையள்," என்று உற்சாகப்படுத்தினார். ஆனால் ஊற்றி முடிந்ததும் பெண்கள் புதுக் களிமண் குழைத்து, சாணமும் உமியும் சேர்த்து, முன்பை விட உறுதியாகப் பூசிவிட்டுப் போனார்கள். நாகம் கொஞ்சம் கொழுத்துப்போனது. துருசர் வெறும் வாளியோடு வீட்டுக்குப் போனார்.

"தன்ரை பிள்ளையைத் தானே அடையாளம் தெரியாமல் நிக்குது இந்த மனிசன்," என்றார் பூரணமக்கா. அன்றைக்கு முதல் தடவையாக அவர் குரலில் பரிதாபம் இருந்தது.

ஐப்பசி வந்தது. வடக்கே கறுத்தது. மழை வந்தால் குளம் நிரம்பும், நிரம்பினால் மருதமரத்தடி தண்ணீருக்குள்ளே போகும். இது ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. விதானையார் கூட்டம் வைத்தார். துருசைத் திறந்தே விட்டுவிடுவது, மருதமரத்து வேருக்கு மேலே தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேறியது.

"வேர் மட்டத்துக்குத் தண்ணி நிண்டால் மேட்டு வயலுக்குப் போற மேல்வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் ஏறாது," என்றார் துருசர்.

"தம்பிரான் பாத்துக்கொள்ளுவார்."

"தம்பிரானுக்கு வாய்க்கால் மட்டம் தெரியாது ஐயா. நான் செய்யேக்கை சொல்லிக் குடுக்கேல்லை."

"உமக்கு என்ன விசரே? திறக்கச் சொன்னால் திறவும்."

"நான் திறக்கமாட்டன்."

பணிவைத் தவிர வேறெதையும் ஊர் அதுவரை அவரிடம் கண்டதில்லை. கூட்டத்தில் மேல்வாய்க்கால்காரர்களும் இருந்தார்கள். சாமி காரியம் என்பதால் அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மழை பிடித்த இரண்டாம் நாள் காலை. துருசர் பூரணமக்காவின் பழைய சேலையால் எதையோ சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, நனைந்து நனைந்து என் வாசலுக்கு வந்தார். பச்சைப் பிள்ளை என்று நினைத்துப் பதறிக் கைநீட்டி வாங்கினேன். இரும்புக் கனம் கனத்தது. துருசுத் திறப்பு, அதாவது மதகின் சாவி. கை நீளத்துக்கு இருந்த அதைக் கொண்டு முறுக்கினால்தான் மதகுப் பலகை அசையும். அது இல்லாமல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

"மிஸ்ஸி, ஆம்பிளையள் நுழைய ஏலாத இடம் ஊரிலை இது ஒண்டுதான்."

"துருசர், இது அரசாங்கக் கட்டிடம்."

"திறப்பும் அரசாங்கத்தின்ரைதானே. ஒண்டுக்கை ஒண்டு இருக்கட்டும்."

நான் அங்கே உத்தியோகத்துக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பிடிபட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் போன வருடம் மேல்வாய்க்கால் பக்கம் விளையவில்லை. அந்த வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பாலூட்ட மார்பில் ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்கும்போது உள்ளே காகிதம் போல வெளுத்திருக்கும். பார்த்தவள் நான். திறப்பைப் பிரசவக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

தள்ளி முடிக்கவில்லை, வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. விதானையாரின் மகளுக்குத் தலைப்பிரசவ வலி. தாயும் கூட வந்திருந்தார். பெண்ணைக் கட்டிலில் ஏற்றினேன். திறப்புக்கு நேர் மேலே.

அதே நேரம் விதானையார் நாலைந்து பேரோடு துருசரின் வீட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். பூரணமக்கா வழி மறிக்கவில்லையாம். "குசினிக்கை பாருங்கோ, அலுமாரிக்கை பாருங்கோ, இந்த மனிசன்ரை மண்டைக்கையும் பாருங்கோ, அங்கைதான் நிறைய இடம் சும்மா கிடக்கு," என்றாராம். அங்கே கிடைக்கவில்லை என்றதும் விதானையார் யோசித்திருக்கிறார். துருசர் காலையில் எந்தப் பக்கமாகப் போனார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடையோடு என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"மிஸ்ஸி, உள்ளை திறப்பு இருக்குதோ?"

"உள்ளை உங்கடை மகள் இருக்கிறா."

"அது தெரியும். நான் கேட்டது வேறை."

"இப்ப உங்களுக்கு எது வேணும், பேரப்பிள்ளையோ திறப்போ? ரெண்டையும் ஒரே நேரத்திலை எடுக்க எனக்குக் கை காணாது."

அவர் குடையை மடக்கிவிட்டுத் தாழ்வாரத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வந்தால் தாயார் கட்டிலடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மிஸ்ஸி, உது என்ன கிடக்கு?"

"பிள்ளைத்தாய்ச்சிக்குக் காவலாய் இரும்பு வைக்கிறதுதானே அம்மா."

அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். "எங்கடை பக்கம் பாக்குவெட்டிதான் வைக்கிறது. உது துருசுத் திறப்பு மாதிரிக் கிடக்கு."

நான் துணி மடிக்கத் தொடங்கினேன். அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு காலால் அதை இன்னும் உள்ளே, சுவரோரம் வரை தள்ளிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"என்ரை சீதன வயல் மேல்வாய்க்காலிலை," என்றார் மெல்ல. "அந்தாளுக்கு அது ஞாபகம் இல்லை."

காலையில் தொடங்கிய வலி பின்னேரம் வரை போனது. வெளியே மழை ஒரே சீராகக் கொட்டியது. இடையிடையே ஒருவன் ஓடிவந்து விதானையாரிடம் தண்ணீர் நிலவரம் சொல்லிவிட்டுப் போவான். வேருக்கு வந்திட்டுது. வேலிக்கு வந்திட்டுது. கொட்டில் கால் ஆடுது. ஒவ்வொன்றுக்கும் விதானையார் எழும்புவார், உள்ளே மகளின் முனகலைக் கேட்டுவிட்டு உட்காருவார். கொட்டில் மிதந்து போய்விட்டது என்ற செய்தி வந்த சற்று நேரத்தில் உள்ளே பிள்ளை அழுதது.

"பெட்டைப் பிள்ளை. தாயும் சுகம்," என்றேன்.

அந்தப் பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திறப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் குளக்கட்டுக்கு நடந்தார். தாயையும் பிள்ளையையும் விதானையாரின் மனைவியிடம் விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.

ஊர் முழுக்கக் குளக்கட்டில் நின்றது. துருசர் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு முன்னுக்குக் குந்தியிருந்தார். தண்ணீருக்கு மேலே நாகத்தின் தலைகள் மட்டும் தெரிந்தன.

"மூண்டு போட்டுது மிஸ்ஸி. ரெண்டு கிடக்கு," என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய வெளிச்சம் இருந்தது. சுற்றியிருந்த முகங்களில் அது இல்லை. யாரோ ஒருவர் துருசரைக் குளத்துக்குள்ளே தள்ளினால் என்ன என்று பலமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தலையும் சரிந்து கரைந்தது. பெண்கள் அழத் தொடங்கினார்கள். அப்போதுதான் விதானையார் தொண்டையைச் செருமினார். தலைவராக இருப்பதற்கென்றே பிறந்தவர் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

"ஏன் அழுறியள்?" என்றார். "என்ரை வீட்டிலை பேத்தி பிறந்த நேரம் பாத்துத் தம்பிரான் தண்ணிக்குள்ளை இறங்கியிருக்கிறார். குளத்தைக் காவல் காக்கப் போட்டார். இனி எங்களுக்கு என்ன குறை?"

கட்டு முழுக்க அரோகரா என்று சத்தம் எழும்பியது. துருசரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. நாகம் போய்விட்டது, அதுதான் அவருக்கு வேண்டும்.

ஆனால் துருசர் திறக்க மறுத்த அந்தக் கூட்டம் முடிந்த அன்றைக்கே விதானையார் ஆத்திரத்தில் மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தபாலில் போட்டிருந்தார். துருசர் கடமை நேரத்தில் படம் செய்கிறார், சொல் கேட்கிறார் இல்லை என்று. அது போய்ச் சேர்ந்து, தை மாதம் இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். அதற்குள் மேல்வாய்க்கால் வயலெல்லாம் கதிர் தள்ளி நின்றது. விதானையார் அவசரமாக இன்னொரு பெட்டிசம் எழுதி, துருசர் போன்ற ஊழியரை இந்த ஊர் இழக்க முடியாது என்று கையில் கொடுத்தார்.

இஞ்சினியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆளைப் போகச் சொல்லி ஒண்டு, இருக்கச் சொல்லி ஒண்டு. ரெண்டும் ஒரே எழுத்தாய்க் கிடக்கு," என்றார். விதானையார் மேலே கூரையைப் பார்த்தார்.

பிறகு துருசரிடம் கேட்டார். "துருசை ஏன் திறக்கேல்லை?"

"தண்ணி வேணுமெண்டு ஆரும் கேக்கேல்லை ஐயா. வேண்டாமெண்டுதான் கேட்டவை."

இஞ்சினியரின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "சரி, திறப்பு அண்டைக்கு எங்கை இருந்தது? அது அரசாங்கச் சாமான். அதுக்குப் பதில் வேணும்."

"பத்திரமான இடத்திலை இருந்தது ஐயா."

"எந்த இடம்?"

"பத்திரமான இடம்."

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே பதில். நான் பூரணமக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பூரணமக்கா என் பெருவிரலில் ஏறி மிதித்தார். நல்ல கனமான மனுஷி. வாய் தானாக மூடிக்கொண்டது.

இடம் சொல்லாத குற்றத்துக்காகத் துருசரை இடம் மாற்றினார்கள். முல்லைத்தீவில் கடற்கரையோரம் நீர்ப்பாசன இலாகாக் கந்தோருக்கு ஒரு பங்களா இருந்தது. குளமும் இல்லை, துருசும் இல்லை. அதற்குக் காவற்காரனாகப் போகச் சொன்னார்கள். அது பெரிய தண்டனை என்று கந்தோர் நினைத்தது. வண்டி புறப்படும்போது விதானையார் அழுதார். துருசர்தான் அவரைத் தேற்றினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். பூரணமக்கா மட்டும், "கால் நோகுதோ பிள்ளை?" என்று கேட்டார்.

இரண்டு வருடம் கழித்து, எனக்கு வேறிடத்துக்கு மாற்றம் வந்தபோது, தம்பியின் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். கடற்கரையில் அவர்களைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. துருசர் ஈரமணலில் குந்தியிருந்தார். சிப்பி, சாதாழைக் கடற்பாசி, நண்டு ஓடு எல்லாம் வைத்து ஒரு பெரிய திருக்கைமீன். செட்டை விரித்துக் கடலைப் பார்த்துக் கிடந்தது. பூரணமக்கா மடி நிறையச் சிப்பியோடு பக்கத்தில் நின்று, "அது கறுப்பு, அங்கை வைக்காதேங்கோ, வெள்ளையை வையுங்கோ," என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சை ஆட்டுக்குப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை மிஸ்ஸி," என்றார் துருசர். "ஒரு நாளும் பிந்தாமல் வருது." கடலைக் காட்டினார். இவ்வளவு ஒழுங்கான ஓர் ஊழியரை அவர் அதற்கு முன் கண்டதில்லை என்பது போல இருந்தது அவர் பேச்சு.

அலை வந்தது. வாலைத் தொட்டது. அடுத்தது ஒரு செட்டையைக் கொண்டுபோனது. "கொஞ்சம் பொறுத்தால் என்ன, இப்பதானே முடிச்சனாங்கள்," என்று பூரணமக்கா கடலை ஏசினார். நான் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். துருசர் தடுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். நான் கமராவைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். மூன்று பேரும் மணலில் இருந்து, திருக்கை முழுதாகப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர்களை நான் காணவில்லை. அந்தத் திருக்கையைப் படம் எடுக்காமல் விட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவரை மட்டும் ஒன்று எடுத்திருக்கலாம்.